பெரியம்மாவுக்குச் சொன்னது

ஜெர்மனியில் எசனிலிருந்து கொலோன் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு அன்று ஒஸ்டியோபதிப் பள்ளியொன்றில் நேர்முகம் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"அம்மா, இஞ்ச அதைப் படிச்சால் டொக்டர் ஆக ஏலாது," என்றாள் மகள் திடீரென்று.

"விசர்க்கதை கதையாதை. பெரியம்மான்ர மகன் அமெரிக்காவில அதைத்தானே படிச்சவன்? ஒப்பரேசன் செய்யிறான்."

"அங்க அது முழு மெடிசின், அம்மா. இஞ்ச கையால அமத்தி நோவைப் பாக்கிற படிப்பு மட்டும்தான். மருந்துகூட எழுத ஏலாது."

தாய் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"அப்ப மெடிசினுக்குத் திரும்ப அன்ட்ராக் போட்டு விண்ணப்பிச்சனீயெல்லோ?"

"இல்லை. விண்ணப்பிக்கிற நாள் முடிஞ்சு போச்சு."

"அடியே, முதலே ஏன் சொல்லேல்லை?"

"ரெண்டு தரமும் மெடிசினுக்கு இடமில்லை எண்டு வர, நீங்கள் சாப்பிடாமல் கிடந்தனீங்கள். நான் ஒஸ்டியோபதி எண்டதும் எழும்பிச் சிரிச்சுக்கொண்டு பெரியம்மாவுக்குப் போன் எடுத்தனீங்கள். பிறகு என்னெண்டு சொல்லுறது?"

லெவர்குசன் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது.

"ஓம் அக்கா, ரெயினிலதான் போறம். ஓமோம், டொக்டருக்குத்தான். உங்கட மகன்ர அதே படிப்புத்தான்."

அவர் போனை வைக்கும்வரை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மாவுக்கு ஏன் உண்மையைச் சொல்லேல்லை?"

"அவ அங்க எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா, பிள்ளை," என்றார் தாய். "என்னெண்டு சொல்லுறது?"