ஒற்றி எடுத்த கண்கள்

ராத்திரி ஒரு மணி. பெங்களூர், தொம்மலூர். மிலிட்டரி காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போகிற ரோடு... அந்தக் காலத்தில் அங்கே ஒரு விளக்குகூடக் கிடையாது. நடுரோட்டில் மொபெட்டை நிறுத்திவிட்டு நிற்கிறான் க்ளென். வீட்டுக்குப் போவதா, ஆபீசுக்கே திரும்புவதா?

க்ளென் நம்ம தெரு டோரதிக்குக் கொழுந்தன். காக்ஸ் டவுன்காரன். அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் பூனைக்கண். காலேஜைப் பாதியில் விட்டவன். அப்புறம் இரண்டு வேலையையும் விட்டவன். "இதையும் விட்டா இந்தப் படி ஏறாதே" என்று அண்ணன் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள்.

இந்த வேலை கொஞ்சம் வித்தியாசம். எங்கோ மலைக்குள் பௌத்த பிக்குகள் வாழ்ந்த குகை. சுவர் முழுக்க ஓவியம். நாளுக்கு நாள் உதிர்கிறது. மிச்சம் இருப்பதை சிடியில் ஏற்றி வைக்க வேண்டும். ஸ்லைடு ஃபிலிமை ஸ்கேன் செய்து, ஃபிலிமில் ஒட்டிய தூசியை மட்டும் கம்ப்யூட்டரில் துடைக்கலாம். ஓவியத்தில் கை வைக்கக் கூடாது.

"உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கணும். இதுல விளையாடினா அன்னிக்கே வெளியே" என்று ஆபீசை நடத்துகிற வீணா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அதில் ஒரு பிக்கு. மொட்டைத் தலை. முகம் முழுசாக இருக்கிறது. கண்ணை மட்டும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்... ஒரு கீறல்கூட வெளியே போகாமல், நிதானமாக.

"கண்ணை மட்டும் ஏன் மேடம்?"

"சுரண்டினவனைத்தான் கேக்கணும். நீ தூசியைத் துடை."

ஒரு வாரம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்தான். உட்காரவே முடியவில்லை. எழுந்து போவான், திரும்பி வருவான். அந்த முகம் அவனுக்காகவே காத்திருப்பது போல இருக்கும். அன்றைக்கு ராத்திரி தாங்காமல் செய்துவிட்டான். கம்ப்யூட்டரில் ஓர் இடத்து வண்ணத்தைத் தொட்டு இன்னோர் இடத்தில் ஒற்றலாம். அதே ஓவியத்தின் ஓரத்தில், சாமரம் பிடித்துத் தலை குனிந்து நிற்கும் பணிப்பெண்ணின் கண்களை எடுத்துப் பிக்குவின் முகத்தில் ஒற்றினான். காப்பிதானே. எடுத்த இடத்தில் ஒன்றும் குறையாது.

சேவ் செய்துவிட்டுக் கிளம்பினான். இந்த ரோட்டுக்கு வந்தபோதுதான் உறைத்தது. காலையில் மேடம் பார்ப்பார். வேலை போகும். வீடும் போகும்.

வண்டியைத் திருப்பினான்.

வாசலில் வாட்ச்மேன் ரங்கா. "ஏன் சாமி, வீட்டுல சேர்க்கலையா?"

"ஒரு வேலை பாக்கி."

"சரிதான். பூனை ராத்திரிதானே சுத்தும்."

மேலே போனான். கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம். வௌவால் எச்சம். ஈர மண். மூன்றாவது மாடியில்... ஏசி ரூமில்.

ஃபைலைத் திறந்தான். அவன் எடுத்து ஒற்றியது குனிந்த பார்வை. பிக்கு இப்போது நேராகப் பார்க்கிறார்.

ஓரத்தில் அந்தப் பெண். அவள் கண் இருந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு. சுரண்டியிருக்கிறது.

கை தவறியிருக்கும் என்று நினைத்தான். பரவாயில்லை, அசல் ஸ்லைடு இருக்கிறது, திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஃபிலிமை எடுத்து லைட்டுக்கு எதிரே பிடித்தான்.

ஃபிலிமிலும் அப்படியே. பிக்குவுக்குக் கண் இருக்கிறது. அவளுக்கு இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். சர்... சர்... சுண்ணாம்பில் நகம் இழுக்கிற சத்தம். முதலில் மானிட்டர் பக்கம். அப்புறம் நாற்காலிக்குப் பின்னால். அப்புறம்... காதோரம்.

கதை கேக்கிற நீங்க கதவைப் பார்க்காதீங்க, அது காத்துதான்.

காலையில் வீணா மேடம் வந்தபோது க்ளென் அதே நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். "யாரு? லைட்டைப் போடுங்க" என்றான். ரூம் முழுக்க டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் பூனைக்கண் போய்விட்டது. வெறும் கறுப்பு. அண்ணன் அதற்கப்புறம் படியைப் பற்றிப் பேசவே இல்லை. கையைப் பிடித்து அவனே ஏற்றிக் கூட்டிப் போவான். பார்வை இல்லாதவர்களுக்கான கோட்டாவில் ஓர் எஸ்.டி.டி. பூத்தும் வாங்கிக் கொடுத்தான்.

"இருட்டாவா இருக்கு?" என்று டோரதி ஒருநாள் கேட்டாள்.

"இல்ல அண்ணி. குகை மாதிரி தெரியுது. யார் யாரோ டார்ச் அடிச்சு என் மூஞ்சியைப் பாக்குறாங்க."

இரண்டு வருஷம் கழித்து அந்த சிடி டோரதி கைக்கு வந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டாள். பணிப்பெண் தலை நிமிர்ந்து நிற்கிறாள். பூனைக்கண்.

பிக்கு நின்ற இடத்தில் வெறும் சுவர்.

அதே நேரம் போன் அடித்தது. பூத்திலிருந்து க்ளென்.

"அண்ணி... பச்சை நைட்டி புதுசா?"

டோரதி குனிந்து நைட்டியைப் பார்த்தாள், அப்புறம் திரையில் அந்தப் பூனைக்கண்ணை.

"நல்லா இருக்கு. உங்க பின்னாடி மொட்டைத் தலையோட நிக்கிறது யாரு?"