கடந்துபோக வந்த சரக்கு

எனக்கு நீந்தத் தெரியாது, ஐயா. ஆரையம்பதியில் வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போனதில்லை. அதனாலோ என்னவோ, தண்ணீரில் தொழில் செய்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஓர் இரக்கம்.

அந்தக் கொள்கலன் மாலைதீவுக்குப் போகிற வழியில் நான் வேலை செய்த துறைமுகத்தில் இறங்கியது. உள்ளே முழுக்க லைஃப் ஜக்கெட். பெயர்போன ஒரு கம்பனியின் முத்திரையைக் கள்ளமாகக் குத்தியிருந்தார்கள். கம்பனியின் சட்டத்தரணி முறைப்பாடு கொடுத்தார். இது இங்கே விற்க வந்ததல்ல, கடந்துபோகிற சரக்கு என்று அனுப்பியவர்கள் வாதாடினார்கள். சுங்க அதிகாரியாக அதைத் தடுத்து வைத்தவன் நான். நீதிமன்றம் அழிக்கச் சொன்னது. அந்தப் பொறுப்பும் எனக்கே வந்தது.

அப்போது தங்கை வாழ்க்கைப்பட்ட பனிச்சங்கேணியில் லைஃப் ஜக்கெட் இல்லாத மீனவர்களைக் கடற்படையினர் கடலுக்கு விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை பிரஷாந்தியின் கணவன் ரதீஸும் அவர்களில் ஒருவன். "தொழிலுக்கு விடுறாங்க இல்ல அண்ணன்" என்று தங்கை அழுதாள். கள்ளம் பெயரில் மட்டும்தானே என்று நினைத்தேன். எரிக்க வேண்டியதில் ஒரு லொறிச் சுமையை ஒதுக்கி, முத்திரைகளை வெட்டி எடுத்துவிட்டு அந்த ஊருக்குக் கொண்டுபோனேன். கோயில் முன்றலில் வைத்துப் பங்கிட்டோம். எனக்கு மாலை போட்டார்கள்.

கொண்டுபோக முன்னர் ஒன்றை வீட்டுத் தொட்டியில் போட்டுப் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு உள்ளேயிருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்து, மெல்லக் கீழே போனது. அதை வெயிலில் காயவைத்து மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினேன். சோதிக்கிறவர்களுக்குக் காட்டத்தானே, இதை நம்பி யார் தண்ணீரில் இறங்கப்போகிறார்கள்?

வாடைக்காற்றில் ரதீஸின் தோணி கவிழ்ந்தது. கூடப் போன ஓட்டமாவடி அக்ரம் தப்பி வந்தான். செத்த வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒரு கேன்தான் மிதந்திச்சு அண்ணன். ரெண்டு பேரும் புடிச்சிருந்தம். 'எனக்கு ஜக்கெட் இரிக்கு, நீ புடி மச்சான்' எண்டு அவன் கைய எடுத்திட்டான்."

ரதீஸ் நல்ல நீச்சல்காரன். வெறும் உடம்போடு போயிருந்தால் கரை சேர்ந்திருப்பான்.

"நீங்க தந்த ஜக்கெட்டாலதான் அண்ணன், அவர்ர உடம்பாவது கிடைச்சது" என்றாள் பிரஷாந்தி. செம்மஞ்சள் நிறம் தூரத்திலேயே தெரிந்ததாம். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் தெரிந்தால் அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடமாட்டாள்.

முப்பத்தோராம் நாள் கழிந்ததும் ரதீஸின் தம்பி நிதுர்ஷன் அந்தத் தோணியைத் திருத்தி எடுத்தான். "இவனுக்கும் ஒண்டு குடுங்க அண்ணன். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் தங்கை. என்னிடம் ஒன்று மிச்சம் இருந்தது. நானே அவனுக்குப் போட்டு, வாரை இறுக்கிவிட்டேன்.

அவனைக் கடலில் இன்னும் தேடுகிறார்கள் என்று, விசாரணைக்குக் கூப்பிட்டபோது நீங்கள் சொன்னீர்கள். தங்கை கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னவனல்ல, ஐயா.