மேல் லயத்துக்கு மாற்றாத பெயர்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தேநீர் ஆறிவிடும், ஐயா. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருந்துகொண்டு ஆறிய தேநீர் குடிக்கிறவன் நான் ஒருவன்தான்.

கொடகவெலயில் வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு, தோட்டத்துக் குடும்ப விவரங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். முதலில் பெயர்களை ஒரு பட்டியலிலும் வயதுகளை இன்னொன்றிலும் வைத்தேன். ஓர் இடம் நழுவியதில் கிழவர் இருளப்பன் கைக்குழந்தையாகி, பால்மா வாங்கும் பட்டியலில் ஏறிவிட்டார். தோட்டத்தை நடத்தும் தொரையே சிரித்தார். அதன் பிறகுதான் பட்டியலுக்குள் பட்டியல் வைக்கக் கற்றேன். வரிசை வீடுகளான லயத்துக்கு ஒன்று, அதற்குள் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கு ஒன்று, அதற்குள் ஆளுக்கு ஒன்று: பெயர், வயது, உறவு. யாரும் யாரோடும் கலக்கவில்லை.

இருளப்பனின் மகள் சுதர்ஷினி கீழ் லயத்தில் இருந்தாள். போன தையில் மேல் லயத்து ஸ்ரீதரனைக் கட்டினாள். பந்தியில் பரிமாறியவன் நான். பாயசம் இரண்டு முறை கேட்டுக் குடித்தேன். வருத்தப்படுகிறவன் அப்படிக் குடிப்பானா? மறுநாள் அவளை மேல் லயத்துக்கு மாற்ற வேண்டும். உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று தட்ட வேண்டும். விரல் போகவில்லை. அப்பா வீட்டிலேயே 'மகள்' என்று விட்டுவைத்தேன். ஒரு பெயர்தானே.

அடைமழையில் மேட்டு நிலம் பிளந்திருப்பதாகச் சொல்லி, மேல் லயத்தாரை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் காம்பரா காம்பராவாகப் பெயர் வாசித்தது நான். ஸ்ரீதரன் காம்பராவில் ஒரே பெயர். அவனோ கொழும்பில் கடை வேலையில். அடுத்ததற்குப் போனேன்.

பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா கேட்டார்: "தம்பி, சுதர்ஷினி பேர வாசிக்கலியே? காலையில காய்ச்சல்னு சொன்னுச்சு."

"அப்பா வீட்டுல இருக்காங்கக்கா. கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் இருக்கு."

"அப்ப சரி. இருளப்பனுக்கு மறுபடி பால்மா குடுக்காம இருந்தா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று மத்தியானம் மேல் லயத்து வழியாக வந்தபோது, திறந்திருந்த கதவுக்குள் அவள் போர்த்திப் படுத்திருந்ததைப் பார்த்திருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் 'ஸ்ரீதரன் பொஞ்சாதி மேலே இருக்கிறாள்' என்று என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மேல் லயத்தின் மீது மலை சரிந்து இறங்கும்வரை நேரம் இருந்தது. நான் வாசித்த தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்து இருளப்பன் கீழே உலை வைத்திருந்தாராம்.

நான் அவளைக் கொல்லவில்லை என்று உங்கள் விசாரணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் பட்டியலில் அவள் இன்றும் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். கீழ் லயத்தில் மண் விழவே இல்லை.