முன்சக்கரத்துக்கு ஆறரை இஞ்சு

முன்சக்கரத்துக்கு அகலமான டயர் போட்டால் கார் சாலையை நன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடும். இது நானாகச் சொல்வதல்ல மாமா, மதுரையில் டயர் கடைக்காரரே சொன்னது. மழைக்காலத்தில் வழுக்காது. மேடு பள்ளத்தில் தூக்கிப் போடாது. வயதானவர்களை உட்காரவைத்து ஓட்டும் வண்டிக்கு வேறென்ன வேண்டும்?

அண்ணன் ரத்தினசாமி உங்களை விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார், இந்த டயர் சமாச்சாரத்தை விசாரித்து வரச்சொல்லி. விசாரியுங்கள். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. குடும்பத்தில் எந்தப் பேச்சுவார்த்தை என்றாலும் நீங்கள்தான் நடுவில் உட்காருவீர்கள். காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

அப்பா போனபிறகு சொத்தைப் பிரித்தோம். பட்டாசுக் கம்பெனி அண்ணனுக்கு. பட்டாசுக் கட்டுக்கு லேபிள் அடிக்கிற இந்த பிரஸ்ஸும் காரும் எனக்கு. அம்மாவையும் பிரித்தோம். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை அண்ணன் வீடு, ஐப்பசியிலிருந்து பங்குனி வரை என் வீடு. நீங்கள்தான் பேசி முடித்தீர்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? இல்லை. அம்மா மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

பாசம் வேறு, தினமும் ஒரே கூரைக்குள் இருப்பது வேறு. கல்கத்தாவிலிருந்து ஒரு பார்ட்டி ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். அவருக்கு முன்னால் புது லேபிளை விரித்து வைத்திருந்தேன். தாமரைமேல் ஒரு பெண், கையில் மத்தாப்பு, நாலு கலர். அம்மா உள்ளேயிருந்து மெதுவாக வந்தாள், குனிந்து பார்த்தாள்.

"ஏலே அய்யாதொரை, இவளுக்கு மூக்கு கோணலா இருக்கே. இதக் குடுத்து ஆரை ஏமாத்தப் பாக்க? வேட்டியக்கூட ஒழுங்கா கட்டத் தெரியல, இதுல அச்சாபீஸ் ஒரு கேடு."

கல்கத்தாக்காரருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் மூக்கு தெரியும். லேபிளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். அத்தோடு அம்மா விட்டாளா? நான் சின்ன வயதில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குள் ஒளிந்துகொண்ட கதையையும், அங்கே என்னென்ன செய்துவைத்தேன் என்பதையும், அச்சுக்கோக்கிற என் கம்பாசிட்டர்கள் வாய்பொத்திச் சிரிக்கும்படி அபிநயத்தோடு சொல்லி முடித்தாள். மூக்கு கோணல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் என் வருத்தம்.

இனி காரைப் பற்றி. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன பழைய பெரிய வண்டி. ஏறுபடி உயரம். அம்மாவுக்கோ மூட்டுவலி. மாட்டுவண்டி அவளுக்கு ஆகாது, ஒருமுறை அதிலிருந்து விழுந்திருக்கிறாள். ரிக்‌ஷாவைக் கண்டாலே பயம். காரில்கூடப் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும், முன்சீட்டுதான் வேண்டும். அதனால் அறுபத்தொன்றாம் வருஷம் நான் என்ன செய்தேன்? மெக்கானிக் ராக்கப்பனிடம் சொல்லி, நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளில் ஒவ்வொன்றைக் கழற்றி வண்டியைத் தாழ்த்தினேன். அம்மா கையை ஊன்றாமல் ஏறி உட்கார்ந்தாள். ஊரே மெச்சியது. அதை ஏன் அண்ணன் உங்களிடம் சொல்லவில்லை?

அம்மா அன்று பூரித்துப்போனாள். அண்ணன், அண்ணி எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"இனிமே இந்தக் கார்லதான் போவேன், வருவேன். மகன் வாசல்ல ஏறி மகன் வாசல்ல எறங்குவேன். நடுத்தெருவுல எறக்கி, கைத்தாங்கலா என்னய ஆரும் கூட்டிட்டுப் போக வேணாம். நான் என்ன சரக்கா?"

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். உங்களுக்கே தெரியும்.

அந்த ஐப்பசியில் அவளை அழைத்துவந்தேன். என் தெரு முக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் தீப்பெட்டிக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால்தான் வண்டி உள்ளே திரும்பும். அப்படி ஒடித்தபோது முன்சக்கரத்தில் லேசாக ஒரு கிறீச். வண்டி தாழ்ந்துவிட்டது, அம்மாவும் கனம், அதனால் டயர் மட்கார்டின் உள்விளிம்பைத் தொட்டிருக்கிறது. அம்மாவை இறக்கிவிட்டு நான் மட்டும் ஒரு சுற்றுப் போய் வந்தேன். சத்தம் இல்லை.

மாமா, நான் கெட்டவன் இல்லை. அந்தச் சத்தம் கேட்டிருக்காவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

அந்த ஆறு மாதத்தில் அம்மா எனக்கு வேட்டி கட்டிவிடாத குறை. பங்குனி முடிந்து அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நேரே மதுரை போனேன். ராணுவத்தார் ஏலத்தில் விட்ட வீல்கள் ஒரு கடையில் கிடந்தன, அகலமான ரிம். முன்னுக்கு இரண்டு எடுத்தேன். டயர் கடைக்காரர் ஆச்சரியப்பட்டார்.

"எல்லாரும் பின்னாலதான் அகலமா போடுவாக. நீங்க முன்னாலங்கீக?"

"முன்சீட்டில் அம்மா உட்காருவாள்" என்றேன். உண்மைதானே? அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

எந்த அகலம் என்பதில்தான் சிரமம். பழைய டயர் ஐந்தரை இஞ்சு. ஆறு போட்டால் அம்மா இருந்தாலும் கிறீச்சோடு தப்பிவிடும். ஏழு போட்டால் நான் தனியாகப் போனாலே உரசும், பிறகு எனக்கே வண்டி பிரயோசனமில்லை. ஆகவே பரீட்சை செய்து பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அம்மா வேண்டும். அம்மாவை எப்படிக் கூப்பிடுவது?

அண்ணனுக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது அம்மா மாரியம்மன் கோயிலில் தன் எடைக்கு எடை வெல்லம் கொடுத்தாள். வெல்லம் வாங்கியது நான். தொண்ணூறு கிலோ. என் பிரஸ்ஸில் லேபிள் பேப்பர் ஒரு ரீம் கட்டு பத்துக் கிலோ. ஒன்பது ரீமை முன்சீட்டில் அடுக்கிக் கயிற்றால் கட்டினேன். பக்கத்தில் இருந்து ஓட்டும்போது ஒருவித மனநிம்மதி. ரீம் பேசாது.

"மொதலாளி, ரீமை எதுக்கு முன்சீட்டுல வைக்கீக? பின்னால டிக்கி சும்மாதான கெடக்கு?" என்று ராக்கப்பன் கேட்டான்.

"அது அம்மா" என்றேன். அவன் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினான்.

ஆறரை இஞ்சு அச்சாகப் பொருந்தியது. நான் மட்டும் போனால் ஒரு விரல் இடைவெளி. ஒன்பது ரீமோடு போனால் முக்கில் டயர் மட்கார்டைக் கவ்விக்கொண்டு புகைந்தது. இத்தனை வருஷத் தொழிலில் நான் இவ்வளவு துல்லியமாக ஒரு கலர்கூடப் பொருத்தியதில்லை.

ஐப்பசி வந்தது. அம்மா புதுச்சேலை கட்டி, பேத்திக்குச் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். முக்கில் ஒடித்தேன். கிறீச் என்று தெருவே திரும்பியது. ரப்பர் புகை. வாசல்களில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கிட்டங்கி வாட்ச்மேன் மணல்வாளியோடு ஓடிவந்தான். நம் ஊரில் உரசல் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது.

"வேணாம்லே, நிப்பாட்டு" என்றாள் அம்மா. "மருந்தும் குச்சியுமா இருக்க எடத்துல உரசக்கூடாது. பிள்ளகுட்டி இருக்க தெரு. திருப்பு, பெரியவன் வீட்டுக்கே போவோம்."

முக்கிலிருந்து பார்த்தால் தெருக்கோடியில் என் வீடு தெரியும். என் வீட்டுக்காரி சொர்ணலட்சுமி ஆரத்தித் தட்டோடு நின்றாள். என் மகள் கையாட்டினாள். அம்மாவும் காருக்குள்ளிருந்து கையாட்டினாள், சேவுப் பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினாள். பார்த்துக்கொண்டார்கள் அல்லவா? நான் அவர்களைப் பிரித்தேன் என்று அண்ணன் சொல்வது சரியல்ல.

போகும் வழியில் அம்மா கேட்டாள், ஏன் இப்படி உரசுகிறது என்று. நான் பொய் சொல்லவில்லை. "உங்க கனம்தாம்மா" என்றேன். அவள் வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். விருதுநகர் வரை என் வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகுதான் அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் காலைப் பலகாரமும் போயிற்று. ஒருநாள் அண்ணன் இங்கே வந்து சொன்னார். "ஒரு வேளைதாம்லே சாப்புடுதா. சின்னவன் வீட்டுக்குப் போணும், பேத்தியப் பாக்கணும், அதுக்கு எளைக்கணுங்கா. நீ ஏதாச்சும் சொல்லு." என்னைப் பார்க்கவா அம்மா பட்டினி கிடக்கிறாள் என்று அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் ராக்கப்பனைக் கூப்பிட்டு முன்ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைக் கழற்றச் சொன்னேன்.

ஏனா? அவள் இளைத்திருக்கிறாள். பட்டை அப்படியே இருந்தால் வண்டி முக்கில் திரும்பிவிடுமே.

அடுத்த ஐப்பசி. அம்மாவுக்குக் கன்னம் ஒட்டி, கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. காரில் ஏறும்போது, "இந்த வருசம் போயிரும்லே, பாரேன்" என்று சிரித்தாள். உரசியது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, புகையைப் பார்த்தேன். திரும்பினோம்.

மூன்றாவது ஐப்பசிக்கு முன் மறுபடி ராக்கப்பனிடம் போனேன்.

"இன்னும் ஒண்ணக் கழட்டுனா வண்டி தரையில உக்காந்துரும் மொதலாளி. எங்கைய்யால முடியாது. நீங்க வேற ஆளப் பாருங்க" என்றான். அவன் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

அதுதான் போன ஐப்பசி; அம்மா இன்னும் இளைத்திருந்தாள், பட்டை கழற்றவில்லை, கார் சத்தமில்லாமல் முக்கில் திரும்பியது. தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். வாசலில் நிறுத்தினேன். அம்மா தானே கதவைத் திறந்து இறங்கினாள், பேத்தி தலையைத் தடவினாள், ஆரத்தி வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, முந்தி ஒம்பது ரீமு இருந்தேன். இப்ப ஏழுதான் இருப்பேன். போதுமாலே?"

ராக்கப்பன் எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். அம்மா கேட்டிருப்பாள், சொல்லியிருப்பான். அவனை நான் குறை சொல்லவில்லை, வேலையைவிட்டு மட்டும் நிறுத்திவிட்டேன்.

அம்மா அதற்கப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள். காலையில் இட்லிக்கு நல்லெண்ணெய் குளமாக வேண்டும். மத்தியானம் கறிக்குழம்பு. நாலு மணிக்கு எண்ணெயில் பொரித்த புரோட்டா. படுக்கும்முன் திருவில்லிபுத்தூர் பால்கோவா. ஒவ்வொரு கவளத்துக்கும் என்னை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். சொர்ணலட்சுமி மகிழ்ச்சியாகச் சமைத்துப் போட்டாள். "அத்தை வந்தப்புறந்தாங்க இந்த வீட்ல பேச்சுச் சத்தமே கேக்குது" என்று என்னிடமே சொல்கிறாள்.

சித்திரை பிறந்ததும் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போக வண்டியில் ஏற்றினேன். முக்கில் ஒடித்தேன். கிறீச்.

"உரசுதேலே" என்றாள் அம்மா. "என்ன செய்ய? மகன் வாசல்ல ஏறி மகன் வாசல்லதான் எறங்கணும். திருப்பு, ஒன் வீட்டுக்கே போவோம்." சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

இப்போது ஆடி. அண்ணன் ஏன் துடிக்கிறார் என்று எனக்கும் புரிகிறது. அவருக்கும் அம்மா வேண்டும். நீங்கள் கேட்பதும் நியாயம்தான், பழைய ஐந்தரை இஞ்சைப் போட்டால் ஒரு மணி நேர வேலை. ஆனால் யோசியுங்கள். இன்றைக்கு மாற்றினால், இத்தனை வருஷம் ஏன் மாற்றவில்லை என்று தெருவே கேட்காதா? டயரும் இன்னும் பாதிகூடத் தேயவில்லை.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆமாம், அம்மா என் வாசலில் இறங்கக்கூடாது என்றுதான் அந்த டயரைப் போட்டேன், பட்டையைக் கழற்றினேன், அவள் பட்டினி கிடந்தது தெரிந்தும் கழற்றினேன். அதெல்லாம் பழைய கதை. இப்போது நான் நினைப்பது அவள் உடம்பை மட்டும்தான். இந்தக் கனம் அந்த மூட்டுக்கு ஆகாது. அதனால் நேற்றிலிருந்து அம்மாவுக்கு ராத்திரிச் சோறு போட வேண்டாமென்று சொர்ணலட்சுமியிடம் சொல்லியிருக்கிறேன். அடுப்படிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அண்ணனிடம் சொல்லுங்கள், ஐப்பசிக்குள் எப்படியும் ஏழு ரீமுக்குக் கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கிவிடுவேன்.