ஒரு கரண்டி குண்டன்

மூத்தவள்: ...அதான் கேக்குறேன். உன் சிநேகிதிக்கு வேணும்னா அவளே வந்து கேக்க வேண்டியதுதானே?

இளையவள்: அவ கூச்சப்படுறாக்கா.

மூத்தவள்: புளிச்ச மாவு கேக்க என்னடி கூச்சம்? பொண்ணா கேக்கப் போறா?

இளையவள்: ஒரே ஒரு கரண்டிக்கா. அப்புறம் அவளே தெனம் மாவும் தண்ணியும் போட்டு வளத்துக்குவா. கடை ஈஸ்ட் இல்லாம, இந்தப் புளிச்ச மாவுலயே பிரெட் சுடணும்னு ஆசையாம்.

மூத்தவள்: அந்த ஒரு கரண்டிய உன் பாட்டில்லேர்ந்து குடேன். குண்டன்னு பேரு வெச்சு, புள்ள மாதிரி கொஞ்சுற. மூடியத் தள்ளிக்கிட்டு பொங்குறான்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியிற...

இளையவள்: குண்டன்... கொஞ்சம் சோர்வா இருக்கான்.

மூத்தவள்: மாவுக்குச் சோர்வா? காய்ச்சலா பாவம்?

இளையவள்: அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்.

மூத்தவள்: என்னப் பாத்துப் பேசு.

இளையவள்: பாத்துத்தானேக்கா பேசுறேன்.

மூத்தவள்: சிநேகிதியும் இல்ல, ஒருத்தியும் இல்ல. சரிதானே?

இளையவள்: செத்துட்டான்க்கா.

மூத்தவள்: ஐயோ, யாரு?

இளையவள்: குண்டன்.

மூத்தவள்: அடிப்பாவி! எனக்கு உசுரே போயிடுச்சு. எப்படிடி?

இளையவள்: குளிருக்கு எழும்பவே மாட்டேன்னான். ஓவனுக்குள்ள வெச்சேன். சூடு போடல, உள்ள லைட்ட மட்டும் போட்டு... கதகதன்னு இருக்கட்டும்னு.

மூத்தவள்: நானும் செய்யறதுதான்.

இளையவள்: இவரு பாக்காம கொள்ளாம ஓவனைப் போட்டுட்டாரு.

மூத்தவள்: யாரு, என் கொழுந்தனா? வெந்நி வெக்கவே உன்னைக் கூப்புடுற மனுஷன் ஓவனைப் போட்டாரா?

இளையவள்: அப்ப பாப்பா கை பட்டிருக்கும்...

மூத்தவள்: பாப்பாவுக்கு எட்டாது.

இளையவள்: சரி, நான்தான்! வெச்சதும் நான், மறந்ததும் நான். கேக் பண்ணலாம்னு ஓவனைச் சூடு பண்ணதும் நான். போன்ல பேசிக்கிட்டே நிக்கறேன், கமகமன்னு வாசனை. 'யாரு வீட்டுலயோ பிரெட் சுடுறாங்க'ன்னு வேற சொல்றேன்க்கா!

மூத்தவள்: க்கும்... க்கும்...

இளையவள்: சிரிக்காதீங்க.

மூத்தவள்: சிரிக்கலடி, இருமல்... சரி, போனது போச்சு. புதுசா கலந்து வெய்யி. பத்து நாள்ல பொங்கிடுவான்.

இளையவள்: பத்து நாளுக்கு எங்க போவேன்? ஞாயித்துக்கிழமை எங்க மாடிப் பொம்பளைங்க அத்தனை பேரும் ஆளுக்கொரு காலிப் பாட்டிலோட வர்றாங்க. 'எங்க குடும்பத்துத் தாய்மாவு, வருஷக்கணக்கா சாகாம இருக்கு, ஆளுக்குக் கொஞ்சம் தரேன்'னு அளந்துட்டு வந்துட்டேன்.

மூத்தவள்: நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

இளையவள்: திட்டுங்க, வாங்கிக்கறேன். கடை ஈஸ்ட்டக் கலந்து ஏமாத்திடலாமான்னுகூடப் பாத்தேன். மனசு ஒப்பல. நாங்க தனிக்குடித்தனம் போனப்ப நீங்கதானே பாதியப் பிரிச்சுக் குடுத்தீங்க? தாய்மாவு உங்ககிட்டதானே இருக்கு?

மூத்தவள்: அது... எங்கயோ உள்ள கெடக்கு. நாளைக்கு நானே குடுத்து விடுறேன்.

இளையவள்: ஃப்ரிட்ஜ்லதானே? நான் எடுத்துக்கறேன்...

மூத்தவள்: உக்காரு! அதுக்கு இன்னும் தீனி போடல.

இளையவள்: எம்மேல கோவம் உங்களுக்கு. பாப்பா பொறந்தநாளுக்கு நான் பேசின பேச்சுதானே?

மூத்தவள்: அத எதுக்குடி இப்ப கிளறுற?

இளையவள்: ஆசையா பிரெட் சுட்டு எடுத்துட்டு வந்தீங்க. சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் முன்னாடி, 'அக்கா பிரெட்டு செங்கல்லுதான். ஒரே மாவுன்னாலும் கைராசின்னு ஒண்ணு வேணும்ல'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒண்ணும் பேசாம என் சமையக்கட்டுக்குள்ள போயிட்டீங்க.

மூத்தவள்: போதும்.

இளையவள்: பின்னாடியே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். வரலியே... இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க முன்னாடி கையேந்துறேன்னு வெக்கமா இருக்குக்கா.

மூத்தவள்: விடுடி. நான் அத எப்பவோ மறந்துட்டேன்.

இளையவள்: இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் உங்க பிரெட்டு என்னுதைவிட நல்லா வந்துது. பூ மாதிரி இருக்குன்னு அத்தை என்கிட்டயே வந்து சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. 'உங்க அண்ணி நல்லத தனக்கு வெச்சுக்கிட்டு, சவலைய நம்ம தலையில கட்டிட்டாங்க'ன்னு இவருகிட்ட உங்களப் பத்தி...

மூத்தவள்: நிறுத்துன்னா நிறுத்து! நீ பேசப் பேச எனக்குல்ல கூசுது.

இளையவள்: தப்புப் பண்ணவ நானு. உங்களுக்கு எதுக்குக்கா கூசணும்? ...ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? அக்கா... அழுறீங்களா?

மூத்தவள்: நீ வீட்ட விட்டுப் போன கொஞ்ச நாள்லயே அந்தத் தாய்மாவு பூசணம் பூத்துப் போச்சுடி. நீ கேலி பண்ணின செங்கல்லு, நான் புதுசா கலந்த மாவுல சுட்டது. உன்கிட்டயே ஒரு கரண்டி கேக்கலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்... நீ அப்படிச் சொன்னப்புறம் கேக்க வாய் வரல. எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தப்ப உன் சமையக்கட்டுல நின்னு, உன் பாட்டில்லேர்ந்து ஒரு கரண்டி திருடி, டம்ளர்ல போட்டு, முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்துட்டேன். போ... ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல இருக்கான். உன் குண்டன்தான்டி அவன்.