கீறல் விழாத படகு

கோவத்தை அடக்கிக்கிட்டு இந்த விழா மேடையில ஒரு குட்டிக் கதை சொல்லுதேன்... கேளுங்க. கேட்டுட்டு என்னைத் திட்டணும்னா தாராளமாத் திட்டுங்க.

தூத்துக்குடியில சுடலைமணின்னு ஒருத்தர். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர். அவர் மக பேச்சியம்மா, பதினேழு வயசு. இந்தப் பிள்ளைக்குப் பாய்மரப் படகு ஓட்டுறதுன்னா உசுரு. படகு வச்சிருக்கவங்ககிட்ட, "ஒரு ரவுண்டு குடுங்க... ஒரே ஒரு ரவுண்டு"ன்னு கெஞ்சிக் கெஞ்சியே கத்துக்கிட்டா. மாவட்டப் போட்டி வருது. ஜெயிச்சா சென்னையில தங்கிப் பயிற்சி. ஆனா சொந்தப் படகோட வரணும், அதான் விதி.

பெத்த மனசு பொறுக்குமா? ரோமால்ட் மச்சாதுன்னு ஒருத்தர்கிட்ட பழைய மரப்படகு ஒண்ணு வாங்கிட்டார். ரெண்டு பேர் உக்காரலாம். விக்கும்போதே மச்சாது சொன்னார்: "இந்தாரும் வே, மரப்படகு தண்ணியில கெடந்தாத்தான் பலகை ஊறி இறுகி நிக்கும். காயப் போட்டுராதேயும்."

"சரி அண்ணாச்சி"ன்னு தலையை ஆட்டினார். ஆட்டிட்டு என்ன செஞ்சார் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுவந்து பெயிண்ட் அடிச்சார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம்... எல்லாம் ஆச்சு. அப்புறம் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டார். நாலு மாசம்! அடிக்கிற வெயில்ல, முற்றத்துல!

"எப்பா, ஒரு தடவை இறக்கிப் பாத்துக்கிடுதேன்பா."

"ஏட்டி, உப்புத்தண்ணி பட்டா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்? போட்டியன்னைக்கு இறக்குவோம். அதுவரை ஒரு கீறல் விழக்கூடாது!"

சொந்தப் படகு வீட்டுல தூங்குது... பிள்ளை அடுத்தவன் படகுக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்குது. இது அக்கிரமமா இல்லையா?

போட்டியன்னைக்கு அந்தப் படகு மாதிரி பளபளப்பு வேற ஒண்ணுலயும் இல்ல. சுடலைமணிக்கு நெஞ்சு நிமிருது. விசில் ஊதினாங்க. கொஞ்ச தூரம் போகல... காஞ்சு சுருங்கின பலகை இடுக்கெல்லாம் தண்ணி! பிள்ளை ஒரு கையில பாய்க்கயிறு, ஒரு கையில வாளி. இறைக்கா... இறைக்கா... முழங்கால் வரைக்கும் வந்துட்டு. காவல் படகு போய் இழுத்துட்டு வந்தாங்க. போட்டி போச்சு. சென்னை போச்சு.

கரையில இறங்கின பிள்ளை அழல. படகை ஒரு சுத்து சுத்தி வந்து, தடவிப் பாத்துட்டுச் சொல்லிச்சு: "எப்பா... ஒரு கீறல்கூட விழலப்பா."

யாரு அங்க சிரிச்சது? சிரிக்காதீங்கய்யா! சுடலைமணியைவிட நாம என்ன ஒசத்தி? நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ரெண்டு வருஷம். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கல. ஆயுத பூஜைக்கு அந்தக் கம்ப்யூட்டர் ரூமைத் திறக்கோம், பொட்டு வைக்கோம், திரும்பப் பூட்டுதோம். கேட்டா, "பிள்ளைங்க உடைச்சிரும் சார்!" உடைக்கட்டுமே! உடைஞ்சா ரிப்பேர் பண்ணிக்கலாம். ரெண்டு செட்டுப் பிள்ளைங்க அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டே பன்னிரண்டாவது முடிச்சுப் போயிருச்சே... அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறோம்? நாலாயிரம் ரூவா சேதமாகும்னு பயந்து, நாலு தலைமுறைக்கு ஆகுற படிப்பைத் தார்ப்பாயில கட்டி வச்சிருக்கோமே, நமக்கு வெக்கம் வேண்டாமா?

தலைமையாசிரியர் ஐயா... சாவி உங்க சட்டைப் பையிலதான் இருக்கு. பொன்னாடை அப்புறம் போத்திக்கலாம். எந்திரிச்சு வாங்க, பிள்ளைங்க முன்னாடி இப்பவே அந்தக் கதவைத் திறங்க.