டிவிக்குப் பதில் சொன்ன அண்ணன்

அடையாறில் ஏறி தி.நகர் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“எங்க அண்ணன் டிவில வந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுச்சு, தெரியுமா?”

“இன்னாக்கா சொல்றே? அதுக்குத்தான் காதும் கேக்காது, பேச்சும் வராதே!”

“கையாலதான். ஸ்கூல்ல கத்துக்கினு வந்து வூட்ல கைய ஆட்டும். ‘மானத்த வாங்காதடா’ன்னு நைனா அந்தக் கையிலயே அடிக்கும். எண்பத்தேழுல, ஒரு ஞாயித்துக்கெழம, காது கேக்காதவங்களுக்குன்னு நியூஸ் போட்டான். பொடவ கட்டிக்கினு ஒரு அம்மா, அண்ணன் மாதிரியே கைய ஆட்டுது. அண்ணன் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுது. நைனா டிவியையும் அண்ணனையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அப்பறம் எனக்கும் கத்துக் குடுடான்னு, அடிச்ச கைய நீட்டுச்சு. நாங்க எல்லாரும் கத்துக்கினோம். அந்த அம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் இருந்த நரைத்த தலைக்காரர் அவரைப் பார்த்து விறுவிறுவென்று கைகளை அசைத்தார்.

“அண்ணன் இன்னா சொல்லுது?”

“எறங்கற ஸ்டாப் வந்துருச்சாம். உன் வாயே ஓயாதான்னு கேக்குது.”